விரால் அடிப்பான் மீன் பிடிக்கும் அந்த 3 நொடி: வைரலாகும் படங்கள் எங்கே, எப்படி எடுக்கப்படுகின்றன?

தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு பறவை மேலே வருகிறது. விரிந்த இறக்கைகளில் இருந்து நீர் வழிகிறது. கால்களில் துடிக்கும் மீன். மஞ்சள் கண் நேராக கேமராவையே பார்க்கிறது. இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் ஃபார்வேர்டிலோ இப்படி ஒரு படத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பறவையின் பெயர் ஆஸ்ப்ரே. தமிழில் விரால் அடிப்பான். படத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் வரும் கேள்வி, "இதை எப்படிப்பா எடுத்தாங்க?" என்பதுதான். லட்சக்கணக்கில் விலை உள்ள கேமரா, கொஞ்சம் அதிர்ஷ்டம் என்று பதில் சொல்பவர்கள் உண்டு. ரெண்டுமே பாதி உண்மைதான். இந்தப் படங்களில் கணிசமானவை நடுக்காட்டில் எடுக்கப்பட்டவை அல்ல. மீன் பண்ணைக் குளத்தின் ஓரத்தில், மரப்பலகை அடித்த சின்ன மறைவிடத்துக்குள் உட்கார்ந்து எடுக்கப்பட்டவை. அப்படி எடுப்பது சரியா, தப்பா என்ற விவாதமும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் பறவையைப் பார்த்துவிடுவோம். அது என்ன செய்யும் என்று தெரியாமல் கேமராவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மீனைத் தவிர வேறெதுவும் வேண்டாம்

விரால் அடிப்பானின் உணவில் ஏறக்குறைய 99 சதவீதம் மீன்தான். பண்டியோனிடே என்ற அதன் குடும்பத்தில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பார்க்க கழுகு மாதிரி இருந்தாலும் பறவையியல் கணக்கில் தனி ஆள். அன்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் காணப்படுகிறது. எடை ஒன்றரை கிலோ சுமார்தான். ஆனால் இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டரைத் தாண்டும்.

மீன் பிடிப்பதற்கென்றே அமைந்த உடல் அது. பாதத்தின் அடியில் சின்னச் சின்ன முட்கள் இருப்பதால் வழுக்கும் மீன் நழுவாது. வெளிப்பக்க விரலைப் பின்னால் திருப்ப முடியும். அதனால் முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு விரல் என மீனை இடுக்கி போலப் பிடிக்கும். தண்ணீருக்குள் போகும்போது மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ளும். இறகுகள் நெருக்கமானவை, எண்ணெய்ப்பசை உள்ளவை.

நம்மூரில் செம்பருந்தும் மீன் பிடிக்கும். ஆனால் அது பறந்தபடியே நீர்ப்பரப்பில் இருந்து கொத்திக்கொண்டு போகும் ரகம். விரால் அடிப்பான் அப்படி இல்லை. உடம்போடு தண்ணீருக்குள் விழும். சில சமயம் இறக்கை நுனி மட்டும்தான் வெளியே தெரியும். அப்படி விழுந்தும் ஒரு மீட்டர் ஆழம் வரைதான் அதால் போக முடியும். அதனால் மேல்மட்டத்தில் நீந்தும் மீனோ, ஆழமில்லாத இடத்து மீனோதான் அதன் இலக்கு.

அந்த 3 நொடியில் என்ன நடக்கிறது?

10 முதல் 40 மீட்டர் உயரத்தில் பறவை வட்டமடிக்கிறது. மீன் கண்ணில் பட்டதும் அதே இடத்தில் இறக்கையை வேகமாக அடித்து அந்தரத்தில் நிற்கிறது. தலை கீழே குனிந்தபடி அசையாமல் இருக்கும். கால்கள் லேசாகத் தொங்கும்.

கால் தொங்கினால் விழப்போகிறது என்று அர்த்தம். அனுபவசாலிகள் விரலை பட்டனில் வைப்பது அப்போதுதான்.

ஆனால் விழத் தொடங்கிய பறவை பாதி வழியில் நின்று, மறுபடி அந்தரத்தில் நின்று பார்க்கவும் செய்யும். மீன் நகர்ந்திருக்கும், அல்லது ஆழத்துக்குப் போயிருக்கும். சில முறை முழுவதுமாகக் கைவிட்டு வேறு பக்கம் போய்விடும். புதிதாக வருபவர்கள் இந்தப் பாதி விழுதலிலேயே 100 படம் எடுத்து மெமரி கார்டை நிரப்பிவிடுவார்கள். அசல் காட்சி வரும்போது கேமரா "எழுதிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறு" என்று நின்றுவிடும்.

அசல் பாய்ச்சலில் தலை முதலில் வருகிறது. நீரைத் தொடும் கடைசி நொடியில் கால்கள் இரண்டும் முன்னால் வீசப்பட்டு, முகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. கண், அலகு, நகம் மூன்றும் ஒரே கோட்டில். அடுத்த கணம் வெறும் நீர்ச்சிதறல் மட்டும்தான் தெரியும்.

நாம் நினைப்பதற்கு மாறாக, தண்ணீரில் மோதும் கணம் நல்ல படமாக அமைவது அபூர்வம். அதில் பறவையைக் காணோம், தண்ணீர்தான் இருக்கிறது. நல்ல படங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வருபவை. பறவை ஒன்றிரண்டு நொடி நீரிலேயே மிதக்கும், பிடியைச் சரிசெய்யும். பிறகு இறக்கையை முழுசாக விரித்து, ஏறக்குறைய கிடைமட்டமாக நீரை அடித்து மேலே எழும். கொஞ்சம் உயரம் போனதும், நனைந்த நாய் உதறுவதுபோல உடம்பை ஒரு முறை உதறும். அந்த உதறலில் பறவையைச் சுற்றி நீர்த்துளிகள் வளையமாகச் சிதறும். போட்டோகிராபர்கள் பலர் காத்திருப்பதே இதற்குத்தான்.

அதன்பின் மீனின் தலை முன்பக்கம் பார்க்கும்படி கால்களால் திருப்பிப் பிடித்துக்கொள்ளும். காற்றின் எதிர்ப்பு குறைய வேண்டுமே! டூவீலரில் நீளமான பார்சலை எப்படி வைத்துக் கட்டுகிறோமோ, அதே கணக்கு.

எத்தனை முறை பாய்ந்தால் ஒரு மீன்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் தொகுத்துள்ள தகவலின்படி, நான்கு பாய்ச்சலில் ஒன்றாவது வெற்றி பெறும். சில ஆய்வுகளில் வெற்றி விகிதம் 70 சதவீதம் வரை போயிருக்கிறது. ஒரு மீனைப் பிடிக்க சராசரியாக 12 நிமிடம் வேட்டையாடுகிறது.

மற்ற வேட்டைப் பறவைகளோடு ஒப்பிட்டால் இது நல்ல கணக்குதான். ஆனால் தோற்ற ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் பறவை ஒரு விலை கொடுக்கிறது. நனைந்த உடம்போடு மறுபடி 30 மீட்டர் ஏற வேண்டும். கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் குடும்பம் முழுவதுக்கும் பெரும்பாலும் ஆண் பறவைதான் மீன் கொண்டுவருகிறது. பெண் பறவை கூட்டைவிட்டு அதிகம் நகராது. பாயப் போகும் நேரத்தில் கரையில் ஒருவர் எழுந்து நின்றால்கூடப் போதும், அது அந்த இடத்தையே விட்டுவிடலாம். போட்டோகிராபருக்கு ஒரு படம் போகும். அங்கே கூட்டில் ஒரு வேளை சாப்பாடு போகும்.

ஸ்காட்லாந்தில் தொடங்கிய கதை

இந்தப் படங்களுக்கும் மீன் பண்ணைக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு பிரிட்டன் போக வேண்டும்.

வேட்டைக்காரர்களும் முட்டை சேகரிப்பவர்களும் சேர்ந்து பிரிட்டனில் விரால் அடிப்பானை ஒழித்தே விட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கூடு கட்டும் ஜோடிகள் இல்லாமல் போயின. 1954இல் ஸ்காட்லாந்தின் லாக் கார்டன் ஏரிப் பகுதிக்கு ஒரு ஜோடி திரும்பி வந்தது. அப்போதும் திருட்டு விடவில்லை. 1958இல் காவலையும் மீறி ஒருவர் மரத்தில் ஏறி முட்டைகளை எடுத்தார்.

அடுத்த ஆண்டு பறவைகள் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி. எடுத்த முடிவு அந்தக் காலத்துக்குப் புதுசு. கூட்டை ரகசியமாக வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. சரி, ஊருக்கே தெரியட்டும் என்று தூரத்தில் பார்வையிடும் இடம் அமைத்து மக்களை அழைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும் மரத்தில் திருடன் ஏறுவது கஷ்டம்தானே! இடையில் டி.டி.டி. பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்துபோன சோதனைக் காலமும் வந்தது. அதையும் தாண்டி எண்ணிக்கை மெல்ல ஏறியது. 1996 முதல் ஸ்காட்லாந்துக் குஞ்சுகளை இங்கிலாந்தின் ரட்லண்ட் நீர்த்தேக்கத்தில் விட்டு வளர்த்தார்கள். 2001இல் அங்கே முதல் குஞ்சு பொரிந்தது. இன்று பிரிட்டன் முழுவதும் 250 ஜோடிகளுக்கு மேல் கூடு கட்டுகின்றன.

பறவை திரும்பியதும் பண்ணைக்காரர்களுக்கு ஒரு தலைவலி வந்தது. ட்ரவுட் மீன் வளர்க்கும் குளம் விரால் அடிப்பானுக்குத் திறந்து வைத்த ஓட்டல் மாதிரி. ஆழமில்லாத தண்ணீர், நெருக்கமாக மீன், ஒளிய இடமில்லை. விரட்டவும் முடியாது, சட்டம் இடம் கொடுக்காது. அதற்குக் கண்டுபிடித்த வழிதான் போட்டோ மறைவிடங்கள். பறவை மீனை எடுத்துக்கொள்ளட்டும், அதைப் பார்க்க வருபவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் ஏவிமோர் அருகே ராத்திமர்க்கஸ், இங்கிலாந்தில் ரட்லண்ட் பகுதியின் ட்ரவுட் பண்ணை ஆகியவை இதற்குப் பேர்போனவை. பின்லாந்தின் காங்கசலாவிலும் இப்படி ஒரு குளம் உண்டு.

அங்கே போகிறவர்கள் விடிவதற்கு முன்பே, அதிகாலை 4 மணி வாக்கில் உள்ளே போய் உட்கார்ந்துவிட வேண்டும். பறவை வரும்போது மனிதர் நடமாட்டமே இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். மறைவிடத்தின் ஜன்னல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். பறவை எழும்போது கேமரா அதன் கண் உயரத்தில் இருப்பதற்கு இதுதான் ரகசியம், லென்ஸ் அல்ல. பறவைகள் ஏப்ரல் வாக்கில் ஆப்பிரிக்காவில் இருந்து திரும்பி வருகின்றன. குஞ்சுகள் பெரிதாகிப் பசி ஏறும் ஜூலை, ஆகஸ்ட்டில் குளத்துக்கு வரவு அதிகம். அதன்பின் செனகல், காம்பியா பக்கம் கிளம்பிவிடும்.

அப்போ இது ஏமாற்று வேலையா?

சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். மீன் நிரப்பிய குளம், நிச்சயமாக வரும் பறவை, காசு கட்டினால் சீட். இதில் இயற்கை எங்கே?

எதிர்வாதமும் வலுவானது. பறவை காட்டுப் பறவைதான். யாரும் அடைத்து வைக்கவில்லை. பாய்ச்சல் நிஜம், தோல்வியும் நிஜம். பலரும் வந்து ஒரு படம்கூட இல்லாமல் திரும்புகிறார்கள். முக்கியமாக, 20 பேர் ஒரு மறைவிடத்துக்குள் அடங்கி உட்கார்ந்தால், அந்த 20 பேரும் கூடுகளைத் தேடிக் காட்டுக்குள் அலையவில்லை என்று அர்த்தம். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு சட்டப்படி, கூட்டில் இருக்கும் விரால் அடிப்பானைத் தெரிந்தே தொந்தரவு செய்வது குற்றம். கூட்டருகே படமெடுக்க உரிமம் வேண்டும்.

பறவையின் பக்கம் இருந்து பார்த்தால் பண்ணைக் குளம் மோசமில்லை. சிக்கல் படத்தின் கீழே எழுதும் வரியில்தான் இருக்கிறது. குளத்தில் எடுத்ததைக் குளத்தில் எடுத்தது என்று எழுதிவிட்டால் பாதி சண்டை முடிந்துவிடும். உயிருள்ள இரையை வைத்து எடுத்த படங்களைப் பல போட்டிகள் ஏற்பதில்லை. அதனால் அனுப்பும் முன் விதிமுறையைப் படித்துவிடுவது நல்லது.

சரி, கேமராவை எப்படி வைப்பது?

முதலில் காற்று. செட்டிங்கைப் பற்றி நூறு கேள்வி கேட்பவர்கள்கூட இதைக் கேட்பதில்லை. விரால் அடிப்பான் அந்தரத்தில் நிற்பதும், நீரில் இருந்து எழுவதும் காற்றை எதிர்த்துத்தான். காற்று உங்கள் முதுகுப் பக்கத்தில் இருந்து வீசினால் பறவை உங்களை நோக்கி எழும். எதிரில் இருந்து வீசினால் அதன் வால் மட்டும்தான் கிடைக்கும். சூரியனும் முதுகுப் பக்கம் இருந்தால் நாள் நன்றாக விடிந்தது என்று அர்த்தம்.

அடுத்து ஷட்டர் வேகம். பறவை மணிக்கு 60 கிலோமீட்டரில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/500 நொடியில் அது 3 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், படம் கலங்கலாகும். 1/2500 நொடி என்றால் நகர்வு 7 மில்லிமீட்டருக்குள் அடங்கும். அதனால் 1/2000 முதல் 1/3200 வரை பாதுகாப்பான எல்லை. அதிகாலை வெளிச்சத்தில் இதற்காக ஐ.எஸ்.ஓ. 3200, 6400 என்று ஏறினால் ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தை மென்பொருளில் சரிசெய்யலாம். கலங்கிய கண்ணைச் சரிசெய்ய முடியாது.

பெரிய லென்ஸ் இருந்தால்தான் முடியும் என்பது பாதிப் பொய். முழு ஃபிரேம் கேமராவில் 600 மில்லிமீட்டர் லென்ஸ், 25 மீட்டர் தூரத்தில் காட்டும் அகலம் வெறும் ஒன்றரை மீட்டர். பறவையின் விரிந்த இறக்கையோ அதற்கும் மேல். விளைவு, இறக்கை வெட்டுப்பட்ட படம். அதே தூரத்தில் 400 மில்லிமீட்டர் வைத்தால் இரண்டேகால் மீட்டர் கிடைக்கும். பண்ணைக் குளத்தில் பறவை பக்கத்திலேயே விழும் என்பதால் 300 அல்லது அதற்கும் குறைவான லென்ஸோடு வருபவர்கள்தான் முழுப் படத்தோடு திரும்புகிறார்கள். திறந்த ஏரியில் கதை வேறு. அங்கே 600கூடப் பத்தாது.

வெள்ளை வயிறு, கறுத்த தண்ணீர். தானியங்கி அளவீடு இங்கே ஏமாறும். பெரும்பகுதி இருட்டாக இருப்பதைப் பார்த்து படத்தை வெளிச்சமாக்கும். நெஞ்சுப் பகுதி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் குறைத்து வைப்பதும், வெளிச்சம் மாறாத நேரத்தில் மேனுவலில் பூட்டிவிடுவதும் வழக்கம்.

ஃபோகஸில் ஒரு சின்ன விஷயம். நீர் சிதறியதும் கேமரா பறவையை விட்டுச் சிதறலைப் பிடித்துக்கொள்ளும். தொடர் ஃபோகஸின் உணர்திறனைக் குறைத்து வைத்தால் அது அவ்வளவு அவசரப்படாது. புதிய மிரர்லெஸ் கேமராக்களில் பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருக்கிறது. பட்டனை முழுசாக அழுத்துவதற்கு முந்தைய சில கணங்களையும் சேமித்துத் தரும் வசதியும் சில மாடல்களில் வந்துவிட்டது. மனிதர் கண்டு, யோசித்து, அழுத்துவதற்குள் போய்விடும் கணத்தை இது திருப்பித் தருகிறது. பழைய டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் கால் தொங்கும் அடையாளத்தை நம்பித்தான் இன்னும் எடுக்கிறார்கள். நன்றாகவே எடுக்கிறார்கள்.

செல்போனில் முடியுமா? பாய்ச்சல், முடியாது. கிளையில் உட்கார்ந்து சாப்பிடும் பறவையை ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் போனைப் பொருத்தி எடுக்கலாம்.

பெரிய மீன் பறவையை மூழ்கடிக்குமா?

நகம் மீனுக்குள் மாட்டிக்கொண்டால் விடுவிக்க முடியாது, மீன் இழுத்துக்கொண்டே போய்விடும் என்று ஒரு கதை உலகம் முழுக்க உண்டு. உண்மையில் அதால் நகத்தை விடுவிக்க முடியும். கனமான மீன் என்றால் இறக்கையைத் துடுப்பாக அடித்துக் கரைவரை இழுத்துப் போவதும் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து மேலே இருக்கிறது. அமெரிக்காவில் வெண்தலைக் கழுகு, விரால் அடிப்பானைத் துரத்தி மீனைப் பறித்துக்கொள்வது அன்றாடக் காட்சி.

நம்மூரில் பார்க்க முடியுமா?

முடியும். விரால் அடிப்பான் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் குளிர்கால விருந்தாளி. அக்டோபர் வாக்கில் வந்து மார்ச், ஏப்ரலில் கிளம்பும். பழவேற்காடு ஏரி, கோடியக்கரை போன்ற இடங்களில், தண்ணீருக்குள் நட்ட கம்பத்தின் உச்சியில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். வெள்ளைத் தலை, கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை. பறக்கும்போது இறக்கை மணிக்கட்டுப் பகுதியில் மடங்கி எம் எழுத்துபோலத் தெரியும். கண் மஞ்சளாக இருந்தால் வளர்ந்த பறவை. ஆரஞ்சாக, முதுகு இறகுகளின் விளிம்பு வெளுத்து இருந்தால் அந்த ஆண்டு பிறந்தது.

இந்தியாவில் இதைப் படமெடுக்கப் பலரும் போகும் இடம் மகாராஷ்டிரத்தின் பிக்வான். பீமா நதியில் கட்டிய உஜனி அணையின் பின்நீர்ப் பகுதி, புனேயில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர். அங்கே மறைவிடம் இல்லை, படகில்தான் போகிறார்கள். பிரிட்டனுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே மனிதர் அசையாமல் இருக்க, பறவை வருகிறது. இங்கே பறவை உட்கார்ந்திருக்க, படகு போகிறது.

படகு கிட்டே போனால் பறவை முதலில் சாப்பிடுவதை நிறுத்தும். பிறகு உடம்பை ஒடுக்கி, கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கும். அந்த இடத்தில் படகை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் மறுபடி சாப்பிடத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் போகச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தினால் பாதி மீனோடு எழுந்து பறக்கும். சில நேரம் மீன் தண்ணீரில் விழும். "பறக்கும் ஷாட்" என்று பதிவேற்றப்படும் படங்களில் சில இப்படி எழுப்பிவிட்டு எடுத்தவை. மோட்டாரை அணைத்து, துடுப்பில் போய், கம்பத்தில் இருந்து தள்ளி நின்றால் அது தானாகவே அடுத்த வேட்டைக்குக் கிளம்பும் வரை காத்திருக்கலாம். ஒரு மணி நேரம் ஆகலாம். படகு வாடகை பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசிக்கொள்வது நல்லது.

இந்தியாவில் இது 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. சரணாலய எல்லைக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி தேவை.

படத்தை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்க்கும்போது காலில் ஏதாவது வளையம் தெரிகிறதா என்றும் பாருங்கள். பிரிட்டன் பறவைகளுக்கு எழுத்தும் எண்ணும் பொறித்த நீல வளையம் போடுகிறார்கள். ஸ்காட்லாந்து என்றால் இடது கால், இங்கிலாந்து, வேல்ஸ் என்றால் வலது கால். ஆப்பிரிக்கக் கரையில் யாரோ எடுத்த படத்தில் வளையம் தெளிவாக விழுந்ததால், ஸ்காட்லாந்தில் பிறந்த குஞ்சு உயிரோடு இருப்பது தெரியவந்த சம்பவங்கள் உண்டு. இந்தியாவில் வளையமிட்ட பறவை கண்ணில் பட்டால் நிறம், எந்தக் கால், எழுத்து, தேதி, இடம் ஐந்தையும் குறித்து ஈபேர்ட் தளத்தில் படத்தோடு பதிவிடலாம். இறக்கை வெட்டுப்பட்டு, ஃபோகஸ் கொஞ்சம் தவறி, டெலிட் செய்யலாம் என்று ஒதுக்கி வைத்த படமாக இருந்தாலும் சரி, வளையம் படிக்க முடிந்தால் போதும்.